எப்.ஏ. தேறாத மாணவர்: ராமானுஜனின் கல்லூரிக் கோப்பு

பருவத் தேர்வு முடிவு வந்த மறுநாள் எங்கள் துறை அறையின் வாசலில் கூட்டம் இருக்கும். சென்ற முறை அந்தக் கூட்டத்தில் கணிதப் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் நின்றார். ஆங்கிலத்தில் இரண்டு, துணைப் பாடமான இயற்பியலில் ஒன்று, ஆக மூன்று அரியர். முதன்மைப் பாடங்களில் எல்லாம் தொண்ணூறுக்கு மேல். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் முந்திக்கொண்டார்: "ராமானுஜனும் ஆங்கிலத்தில் தோற்றவர்தானே சார்?"

கணிதத் துறையில் பாடம் நடத்துகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்கும் வாக்கியம் இது. தகவல் சரிதான். ஆனால் 1905இன் தோல்வியையும், 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் அவர் உறுப்பினரானதையும் அடுத்தடுத்த பக்கங்களாக நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் இடையே 13 ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றில் முதல் எட்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே ராமானுஜனை மேதை என்ற மாடத்திலிருந்து சற்று இறக்கி, உதவித்தொகை இழந்த ஒரு மாணவரின் கோப்பைப் பிரிப்பதுபோல் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சேர்க்கை

பிறப்பு ஈரோட்டில், 1887 டிசம்பர் 22. வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தந்தை ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார், மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். வரவு போதாமல் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். அந்த மாணவர்களுக்குத் தெரிந்த கணிதம் முழுவதையும் பதினொரு வயதுக்குள் பையன் கறந்துவிட்டான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

என் மாணவருக்கு நான் முதலில் காட்ட விரும்பியது இந்தப் பக்கத்தைத்தான். 1897இல் தொடக்கநிலைத் தேர்வில் ராமானுஜன் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். கணக்கில் மட்டும் முதல் என்றில்லை, மொத்தத் தேர்விலும் முதல். 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறி, 1904 ஜனவரியில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எப்.ஏ. முதலாண்டில் சேர்ந்தபோது சுப்பிரமணியம் உதவித்தொகை கிடைத்தது. அது கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி காட்டியவர்களுக்கு வழக்கமாக வழங்கப்பட்ட தொகை. ஆம், ஆங்கிலத்திலும்! ஆங்கிலம் வராத மாணவர் என்று அவரைப் பற்றி உலவும் பேச்சுக்கு இந்தப் பதிவில் இடமே இல்லை. வராமல் இல்லை, ஒரு கட்டத்தில் அந்தப் பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டார்.

அந்தக் கட்டம் எது என்பதும் தெரியும். 1903இல் நண்பர்கள் வழியாக ஒரு நூலகப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. ஜார்ஜ் கார் என்ற லண்டன் தனிப்பயிற்சி ஆசிரியர் தொகுத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் எண் போட்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். நிரூபணம் பெரும்பாலும் ஒரு வரிக் குறிப்பு, சில இடங்களில் அதுவும் கிடையாது. மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்குத் தயார்செய்த அனுபவத்தில் விளைந்த கையேடு அது. தேர்வுக்காகத் தொகுத்த நூல், அதைப் படித்தவரைத் தேர்வு எழுதவே லாயக்கற்றவராக்கியது. விட்டுப்போன நிரூபணங்களை எல்லாம் அவரே போட்டுப் பார்க்கத் தொடங்கினார். பிறகு அந்த நூலில் இல்லாதவற்றுக்கும் போனார்.

ஐந்து பாடம், ஒரே முடிச்சு

எப்.ஏ. என்றால் என்ன என்று இன்று சொல்லித்தான் தெரிய வேண்டும். மெட்ரிகுலேஷனுக்கும் பி.ஏ.வுக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள். ஆங்கிலம், கணிதம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க ரோம வரலாறு. கணிதம் எனக்குப் போதும், மற்றவை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஒரு துறையைத் தேர்ந்துகொள்வதெல்லாம் பி.ஏ.வுக்குப் போன பிறகுதான். ஒன்றில் விழுந்தாலும் தேர்வில் தோல்வி. எங்கள் மாணவர்கள் அரியர் வைத்துக்கொண்டே மூன்றாம் ஆண்டு வரை வந்துவிடுகிறார்கள். அந்தச் சலுகையெல்லாம் அன்று கிடையாது. தனக்கு எந்தத் துறை என்பதில் ராமானுஜனுக்குக் குழப்பமே இருந்ததில்லை. அதைச் சொல்லிக் கேட்கும் இடம் வரை போகத்தான் முடியவில்லை.

ஆங்கில வகுப்பு, வரலாற்று வகுப்பு, உடலியல் வகுப்பு, எதுவானாலும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வகுப்பில் என்ன நடக்கிறது என்ற நினைவே இருக்காதாம். 1905 ஜனவரியில் இரண்டாம் ஆண்டுக்கு உயர்த்தப்படவில்லை. உதவித்தொகை நின்றது. பருவக் கட்டணம் 32 ரூபாய் என்கிறார்கள். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். தாயார் கோமளத்தம்மாள் முதல்வரை நேரில் பார்த்து வாதாடியதாகவும், விதி விதிதான் என்று அவர் மரியாதையாகச் சொல்லி அனுப்பியதாகவும் ஒரு செய்தி உண்டு. முதல்வரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதே பதிலை நானும் சொல்லியிருக்கிறேன்.

சில மாதங்கள் தாக்குப்பிடித்தார். 1905 ஆகஸ்டில் வீட்டைவிட்டுக் கிளம்பி ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். வீட்டார் நாளிதழில் காணவில்லை என்று அறிவிப்புக் கொடுத்தார்கள். திரும்பி வந்து மறுபடி வகுப்பில் உட்கார்ந்தார். ஆனால் ஓடிப்போன நாட்கள் கணக்கில் இடித்தன. வருகைப் பதிவு பற்றாக்குறை, பருவச் சான்றிதழ் இல்லை. நூற்றிருபது ஆண்டுகள் கழித்தும் இந்த ஒரு விஷயம் மட்டும் எங்கள் மாணவர்களுக்கு விளக்கமே இல்லாமல் புரிகிறது.

விசாகப்பட்டினத்தில் எப்.ஏ. தேறிய இன்னொருவர்

ராமானுஜன் ஓடிப்போன அதே ஊரில், அதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் எப்.ஏ. தேர்வைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவர் உதவித்தொகையோடு தேறியிருந்தார். பெயர் சி.வி. ராமன். ராமானுஜனைவிட ஏறக்குறைய ஒரு வயது இளையவர். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் முதலாவதாக பி.ஏ. தேறினார். இயற்பியலில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் பதக்கம். ராமானுஜன் இரண்டாம் ஆண்டுக்குப் போகமுடியாமல் நின்ற நாட்களில் ராமன் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார்.

ராமனும் வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்தவர் இல்லை. பேராசிரியர் ஜோன்ஸ் அவரை விரிவுரைகளுக்கு வரும்படி வற்புறுத்தாமல், ஆய்வுக்கூடத்தில் தன் போக்கில் விட்டார். 1906இல், பதினெட்டு வயதில், ராமனின் முதல் கட்டுரை லண்டன் ஆய்விதழில் வந்தது. இருவரும் விதியைவிடப் பெரியவர்கள் என்று வைத்துக்கொண்டாலும், ராமனின் தந்தை கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர், ராமானுஜனின் தந்தை ஜவுளிக் கடைக் கணக்கர். எந்தப் பாடத்தை எவ்வளவு விட்டுவிடலாம், எங்கே குறைந்தபட்சம் தேறித் தொலைக்க வேண்டும் என்று ராமனின் வீட்டில் சொல்வதற்கு ஆள் இருந்தது. இதை நான் நிரூபிக்க முடியாது. ஆனால் குடும்பத்தில் முதல் பட்டதாரிகளாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வந்த எண்ணம் இது.

1907இல் ராமன் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் பதவியேற்றார். 1912 ஜனவரியில் ராமானுஜனும் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தார், சென்னையில். தற்காலிகப் பணி, சில வாரங்கள், மாதம் 20 ரூபாய். இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஏறத்தாழ ஒரே வயது, அலுவலகமும் ஒரே இனம். ஒருவர் கையில் பட்டம் இருந்தது.

தவளை

1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் இரண்டாவது முயற்சி. இங்கே மனிதர்கள் அவருக்கு இணக்கமாகவே இருந்தார்கள். ஓர் ஆசிரியர் பத்துப் பன்னிரண்டு படிகளில் கரும்பலகையில் போட்ட கணக்கை எழுந்துபோய் மூன்று நான்கு படிகளில் முடித்துக்காட்ட விட்டார். சிங்காரவேலு முதலியார் என்ற பேராசிரியர் ஆய்விதழ்களில் வரும் கணக்குகளை அவரோடு உட்கார்ந்து போட்டார். மூன்று மணி நேரக் கணிதத் தேர்வை அரைமணியில் முடித்துவிட்டு எழுந்துவிடுவார் என்று உடன் படித்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

முட்டுக்கட்டை உடலியல். அறுத்துப் பார்க்கத் தவளையை மேசையில் வைத்தபோது, இதில் பாம்பு எங்கே இருக்கிறது என்று ஆசிரியரைக் கேட்டாராம். உடலுக்குள் பாம்புபோல் சுருண்டிருப்பதாக யோக மரபு சொல்லும் குண்டலினியைத் தேடியிருக்கிறார்! செரிமானம் பற்றிய தேர்வுத்தாளில் நாலு வரி எழுதிவிட்டு, இது செரிமானப் பாடத்தில் எனக்குச் செரிக்காமல் வெளிவந்தது என்று குறித்துக் கொடுத்ததாகவும் கதை உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் விடைத்தாள் திருத்தும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த வகை நகைச்சுவை புதிதல்ல. எழுத ஒன்றுமில்லாதவர்கள், இனி முயலப்போவதில்லை என்று மனத்துக்குள் முடிவெடுத்தவர்கள், இப்படித்தான் எதையாவது எழுதிவைத்துவிட்டு எழுந்துபோவார்கள்.

இடையில் உடம்பும் படுத்தியது. கும்பகோணம் திரும்பினார். 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எழுதினார். கணிதத்தில் தேர்ச்சி, மற்றவற்றில் இல்லை. கோப்பு அத்தோடு மூடப்பட்டது. வயது இருபது.

முழங்கை

இனி எந்தக் கல்லூரியின் பதிவேட்டிலும் அவர் இல்லை. வீட்டுத் திண்ணையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து மடியில் சிலேட்டை வைத்துக்கொள்வார். எழுதுவார், துணி தேடி எடுக்க நேரமில்லாததால் முழங்கையாலேயே அழிப்பார், மறுபடி எழுதுவார். தாள் வாங்கக் காசில்லை. நாள் முழுவதும் சிலேட்டில் ஓடிய வழிமுறைகள் முழங்கையோடு போய்விட, இறுதி விடை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. பிற்காலத்தில் அந்த நோட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் நிரூபணம் தேடிக்கொண்டிருந்ததற்குக் காரின் நூல் காட்டிய பாணி ஒரு காரணம், இந்தச் சிலேட்டு இன்னொரு காரணம்.

தனிப்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கப் பார்த்தார். பி.ஏ. நுண்கணிதம் படிக்க வந்த ஒருவர், இவர் எந்நேரமும் முடிவிலியைப் பற்றியே பேசுகிறார், தேர்வுக்கு ஆகாது என்று நின்றுகொண்டார். தன் தேர்வுக்கும் ஆகவில்லை, பிறர் தேர்வுக்கும் ஆகவில்லை. 1909 ஜூலையில் ஜானகியோடு திருமணம். 1910 தொடக்கத்தில் ஓர் அறுவைச் சிகிச்சை. அதன்பின் வேலை தேடும் படலம்.

1910இல் நோட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போய், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய துணை ஆட்சியர் வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய அவர், வருவாய்த்துறையின் அடிப்படியில் தள்ளி இந்தத் திறமையை நசுக்க எனக்கு மனம் வரவில்லை என்று பிறகு எழுதினார். வேலை கொடுக்காமல் பரிந்துரைக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். அவை கும்பகோணம் கல்லூரியில் கணிதம் கற்பித்திருந்த சேஷு ஐயர் வழியாக நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. ராமச்சந்திர ராவ் முதல் சந்திப்பை எழுதிவைத்திருக்கிறார்: குட்டையான, பருத்த உருவம், மழிக்காத முகம், அவ்வளவாகச் சுத்தமில்லை, கண்களில் மட்டும் ஒளி, கையிடுக்கில் நைந்த நோட்டுப் புத்தகம். வந்தவர் பணமோ புகழோ கேட்கவில்லை. தான் பாடுபடாமல் எளிய சாப்பாடு கிடைக்க வேண்டும், கனவு கண்டுகொண்டிருக்க விட வேண்டும், அவ்வளவுதான். ராவ் தன் கைக்காசிலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பத் தொடங்கினார். கும்பகோணம் கல்லூரி நிறுத்திய உதவித்தொகை ஆறு ஆண்டுகள் கழித்துத் தனிமனிதர் ஒருவரின் சட்டைப்பையிலிருந்து வந்தது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

ஒரே படிப்பு, இரண்டு கடிதம்

இந்தக் கோப்பில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு தாள்கள்.

முதலாவது, 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு எழுதிய வேலை விண்ணப்பம். மெட்ரிகுலேஷன் தேறி எப்.ஏ. வரை படித்திருப்பதாகவும், பல இடர்ப்பாடுகளால் மேற்கொண்டு தொடர முடியாமல் போனதாகவும், தன் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருவதாகவும் அதில் சொல்கிறார். தோல்வி என்ற சொல்லே இல்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் பரிந்துரையும் கூடப் போனது. மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

இரண்டாவது, 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம். இதில் எப்.ஏ.வே இல்லை. பல்கலைக்கழகக் கல்வி எனக்குக் கிடையாது, வழக்கமான பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன் என்கிறார். வயது சுமார் 23 என்கிறார், உண்மையில் 25. மூன்று ஆண்டுகள், இரண்டு கல்லூரிகள், ஒரு தனித்தேர்வு, எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் துடைத்துவிட்டார், சிலேட்டைத் துடைப்பதுபோல்.

பொய் என்று சொல்லமாட்டேன். துறைமுகத்தில் ஆள் எடுப்பவருக்கு எப்.ஏ. வரை என்பது பாதித் தகுதி. ஹார்டிக்கு அது வெறும் தோல்விக் கணக்கு. பள்ளியோடு நின்றவர் என்பதோ வியப்புக்குரிய செய்தி. எந்த வாசலில் எதைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. உலக விவரம் தெரியாத ஞானி என்ற சித்திரத்தோடு இந்த இரண்டு தாள்களையும் பொருத்திப் பார்க்க எனக்கு முடியவில்லை.

விதி வளைந்தது

1913 பிப்ரவரியில் வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநர் கில்பர்ட் வாக்கர் துறைமுக அலுவலகத்துக்கு வந்தபோது நோட்டுப் புத்தகத்தை அவரிடம் காட்டினார்கள். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர் வாக்கர். இவரது சுயசிந்தனை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஆய்வாளர் ஒருவருடையதற்கு ஒப்பானது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். கணிதப் பாடக்குழு கூடி ஆராய்ச்சி உதவித்தொகைக்குப் பரிந்துரைத்தது. ஆட்சிக்குழுவில் ஒரு முட்டுக்கட்டை: அந்த உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்று விதி. விண்ணப்பதாரர் எப்.ஏ.வே தேறாதவர். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களில் ஒன்று என்று அதை நிறுவிய சட்டத்தின் முகப்புரையே சொல்கிறதே என்ற வாதம் அங்கே எடுபட்டதாக எழுதியிருக்கிறார்கள். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. நிபந்தனை ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். செரிமானப் பாடத்துக்கு நாலு வரி எழுதியவர், அந்த அறிக்கைகளை ஒழுங்காகவே கொடுத்தார்.

1905இல் வளைய மறுத்த பல்கலைக்கழக ஏற்பாடு 1913இல் எப்படி வளைந்தது? இடைப்பட்ட காலத்தில் அவர் எந்தத் தேர்வும் தேறவில்லை. ஆட்சியர், துறைமுகத் தலைவர், வானிலை இயக்குநர், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி என்று விதியை எடுத்து ஓரமாக வைக்கும் நிலையில் இருந்தவர்கள் அவர் பக்கம் வந்து சேர்ந்திருந்தார்கள். சேர்வதற்கு எட்டு ஆண்டு ஆயிற்று. இத்தனை பேரும் சேராத எத்தனை நோட்டுப் புத்தகங்கள் எந்தெந்தப் பரணில் போயின என்று கேட்டால் பதில் கிடைக்காது.

1914 மார்ச் 17 அன்று, ஹார்டியின் அழைப்பில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். உரிய தகுதி இல்லாமலேயே கேம்பிரிட்ஜ் அவரை ஆராய்ச்சி மாணவராகச் சேர்த்துக்கொண்டது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் பெற்றார். ஒரே பாடம். வயது 28.

ஹார்டி தன் கருத்தை மாற்றிக்கொண்டார்

1920 ஏப்ரல் 26 அன்று ராமானுஜன் இறந்தார். அஞ்சலிக் கட்டுரையில் ஹார்டி, இளமையிலேயே பிடித்துப் பழக்கியிருந்தால் இன்னும் பெரிய கணித அறிஞராகியிருப்பார், ஆனால் ராமானுஜனாக இருந்திருக்கமாட்டார், லாபத்தைவிட நஷ்டமே அதிகமாகியிருக்கலாம் என்ற பொருளில் எழுதினார். நம் ஊரில் மேற்கோள் காட்டப்படுவது பெரும்பாலும் இந்தக் கருத்துத்தான். கல்லூரி கெடுக்காததால் பிழைத்த மேதை என்ற கதைக்கு இது வசதி.

பிற்கால விரிவுரைகளில் அதே ஹார்டி அந்தப் பேச்சை அசட்டு உணர்ச்சிவசம் என்று தள்ளிவிட்டார். தன்னிடமிருந்த ஒரே பெரிய மனிதரைக் கும்பகோணம் கல்லூரி நிராகரித்ததில் லாபம் எதுவுமே இல்லை, நஷ்டம் ஈடுசெய்ய முடியாதது என்றார். சோகம் அவர் இளமையில் இறந்ததில் இல்லை, அந்தத் துரதிர்ஷ்டமான ஐந்து ஆண்டுகளில் அவரது திறமை தடம்மாறிப் போனதில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். இந்தியாவில் இருந்தபோது செய்த சிறந்த பணியில் மூன்றில் இரண்டு பங்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவற்றின் மறுகண்டுபிடிப்பு என்பது ஹார்டியின் மதிப்பீடு. கலப்பெண் சார்புகளின் கோட்பாட்டைக் கற்றுக்கொடுக்க ஆளில்லாததால் பகா எண்களைப் பற்றி அவர் உறுதியாகச் சொன்ன சிலவும் தவறாயின. திண்ணையில் முழங்கை தேயச் செய்த வேலையின் பெரும்பகுதி, ஒரு நல்ல நூலகத்தின் அலமாரியில் அச்சாகி உட்கார்ந்திருந்தது. எனக்கு இரண்டாவது ஹார்டிதான் சரி.

இவ்வளவையும் அன்று துறை அறையில் வைத்துச் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன், வெளியே வரிசை நின்றது. கேட்டுக்கொண்டிருந்த மாணவர் கடைசியில், "கணிதம் படிக்க வந்தவருக்குத் தவளை எதற்கு சார்?" என்றார். நியாயமான கேள்வி. பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில் அதைக் கொஞ்சம் மரியாதையான சொற்களில் நானும் கேட்டிருக்கிறேன். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. அரியர் கட்டணம் கட்ட இன்னும் இரண்டு நாள் இருந்தது. மூன்று தாளுக்கும் படிவத்தை என் மேசையிலேயே நிரப்பினார். ஆங்கிலத் தாளின் குறியீட்டு எண்ணை ஓரிடத்தில் தவறாக எழுதிவிட்டு, புறங்கையால் தேய்த்து அழிக்கப் பார்த்தார். மை பரவிவிட்டது. இழுப்பறையிலிருந்து வேறு படிவம் எடுத்துக் கொடுத்தேன்.